பனியன் கம்பெனி தையல் லைனில் டென்ஷனைக் குறைப்பது: புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு

திருப்பூர்ப் பக்கம் லைன் சூப்பர்வைசர்களில் நிறையப் பேர் டெய்லராக இருந்து மேலே வந்தவர்கள். ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மெஷினும் கைக்குப் பழகியிருக்கும். இருபது பேரை எப்படி வைத்து வேலை வாங்குவது என்று மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் தன்னை யார் எப்படிக் கத்தினார்களோ, அதே குரலில், அதே வார்த்தைகளில் இவரும் தொடங்கிவிடுவார்.

லைனில் இருக்கிற டென்ஷனில் பெரும்பங்கு வேலை ஓடுகிற விதத்திலிருந்து வருகிறது. கணக்குக்கு ஒத்துவராத டார்கெட், ஒரே ஆள் முன்னால் மலை மாதிரி குவியும் பண்டில் (வெட்டிய துணிக்கட்டு), காலையில் தைத்த பீஸ் சாயங்காலம் ஆல்ட்ரேஷனாக, அதாவது திருத்தித் தைக்க வேண்டிய தப்புப் பீஸாக, திரும்பி வருவது, ஆறு மணிக்கு வந்து "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்" என்று, அதாவது இன்னும் அரை ஷிப்ட் நிற்க வேண்டும் என்று, சொல்வது. இவை எல்லாமே சூப்பர்வைசரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. இவற்றைத் தொடாமல் யோகா வகுப்பு வைப்பதும் மாதக் கடைசியில் கேக் வெட்டுவதும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

முதல் மூன்று நாள்: எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மணிக்கு ஒருமுறை லைனை ஒரு சுற்று நடந்து நான்கு விஷயம் மட்டும் குறியுங்கள். யார் கையில் பீஸ் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார், யார் முன்னால் பண்டில் குவிந்திருக்கிறது, எந்த மெஷின் எத்தனை நிமிடம் நின்றது, எந்த ஆபரேஷனிலிருந்து ஆல்ட்ரேஷன் வருகிறது. ஆள் பெயரை எழுத வேண்டாம், மெஷின் எண்ணை எழுதுங்கள். பெயர் எழுதிய நோட்டை யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் அன்றோடு உங்களிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

மூன்றாம் நாள் முடிவில் அந்த நோட்டைப் புரட்டினால் இரண்டு மூன்று இடம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். டென்ஷன் அங்கேதான் உற்பத்தியாகிறது.

டார்கெட்டைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். வேலை நேரத்தைக் கணக்கிடும் ஐ.இ. ஆள் கொடுத்த எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் முழுதும் தைக்க ஆகும் நிலையான நேரம்) 6 நிமிடம், உங்கள் லைனில் டெய்லர்கள் 12 பேர், ஷிப்ட் 8 மணி நேரம் என்று வையுங்கள். 12 பேர் × 480 நிமிடம் ÷ 6 = 960 பீஸ். இது நூறு சதவீத எஃபிஷியன்ஸிக்கு, அதாவது ஒரு நிமிடமும் வீணாகாமல் தைத்தால், வரும் எண். உங்கள் லைன் போன மாதம் சராசரியாக 55 சதவீதம்தான் எடுத்தது என்றால் நியாயமான எண் 528. அந்த லைனிடம் போய் 800 கேட்டால் யாரும் 800 தைக்கப் போவதில்லை. நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்ற நினைப்போடு 500 தைப்பார்கள், அதிலும் ஆல்ட்ரேஷன் கூடுதலாக இருக்கும்.

புது ஸ்டைல் ஏறும் நாளில் இதே எண்ணைக் கேட்காதீர்கள். எளிய ஸ்டைல் என்றால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் முக்கால், மூன்றாம் அல்லது நான்காம் நாளில் முழு எண் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாக்கெட் (பட்டன் பட்டி), பாக்கெட் வைத்த ஸ்டைலுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

மணிக்கணக்குப் போர்டில் 528-ஐ எட்டால் வகுத்து எல்லா மணிக்கும் 66 என்று எழுதுவது வழக்கம். அது சரியல்ல. காலை முதல் மணியில் நூல் மாற்றுவது, மெஷின் துடைப்பது, கட்டிங்கிலிருந்து பண்டில் வந்து சேர்வது எல்லாம் இருக்கும். சாப்பிட்டு வந்த மணியிலும் வேகம் இறங்கும். 54, 68, 68, 66, 62, 70, 70, 70 என்று எழுதிப் பாருங்கள். கூட்டினால் அதே 528தான். ஒன்பதரை மணிக்கே போர்டில் சிவப்பு விழாமல் இருந்தால், அந்த நாளே வேறு மாதிரி போகும்.

குவியும் இடத்தைக் கண்டுபிடிப்பது

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. லைனில் அதிகம் திட்டு வாங்குகிற ஆள் பெரும்பாலும் சோம்பேறியாக இருக்க மாட்டார், குறுகலான இடத்தில் மாட்டிக்கொண்டவராக இருப்பார்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். ஒரு பீஸைக் கையில் எடுத்ததிலிருந்து அடுத்த பீஸை எடுக்கும்வரை உள்ள நேரம். ஒவ்வொரு ஆபரேஷனிலும் பத்துப் பீஸ் எடுத்துச் சராசரி பாருங்கள். தொடங்கும் முன் அவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள்: "அக்கா, உங்ககிட்ட ஏன் குவியுதுன்னு பாக்கறேன். டார்கெட் ஏத்தறதுக்கு இல்லை." சொல்லாமல் பின்னால் நின்று டைம் எடுத்தால் கை தானாக மெதுவாகும். அது ஏமாற்று வேலை அல்ல. இன்று வேகமாகத் தைத்தால் நாளைக்கு அதுவே கட்டாயமாகிவிடும் என்று எல்லா டெய்லருக்கும் அனுபவத்தில் தெரியும்.

நெக் ரிப் அட்டாச்சுக்கு (கழுத்துப் பட்டியைச் சேர்த்துத் தைப்பதற்கு) ஒரு பீஸுக்கு 55 வினாடி ஆகிறது என்று வையுங்கள். 3600 ÷ 55 = 65 பீஸ். நூல் அறுவது, பண்டில் அவிழ்ப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்து 15 சதவீதம் கழித்தால் மணிக்கு 55. லைனுக்குத் தேவை 66. அந்த அக்கா மாயம் செய்தாலும் மணிக்கு 11 பீஸ் குறையும், எட்டு மணிக்கு 88 பீஸ். "வேகமா, வேகமா" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் ரிப் இழுபட்டு நெக் அலையலையாக வரும், அவ்வளவுதான்.

இப்போது பக்கத்தில் பாருங்கள். ஷோல்டர் ஜாயின்ட்டுக்கு 25 வினாடி. அதே 15 சதவீதம் கழித்தால் மணிக்கு 122 பீஸ். 528 பீஸை அவர் நாலரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். அவருடையதும் ஓவர்லாக்தான், நூலும் அதே நிறம். அந்த 88 நெக்கைத் தைக்க ஒரு மணி நாற்பது நிமிடம் போதும். ஷோல்டர் டெய்லருக்கு இரண்டு மூன்று நாள் நெக் பழக்கிவிட்டால் குவியல் கரைந்துவிடும். பழகும்வரை அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அது முடியாவிட்டால் ரிப் வளையத்தைக் கால் கால் பாகமாகக் குறித்து வைக்கும் வேலையை டெய்லருக்கு உதவி செய்யும் கைமடி ஆளிடம் கொடுங்கள். தைப்பவர் குறியைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இன்னொரு சின்ன விதி: எந்த மெஷின் முன்னாலும் மூன்று பண்டிலுக்கு மேல் வைக்கக் கூடாது. மீதியை முந்தின ஆபரேஷன் பக்கமே நிறுத்துங்கள். கண் முன்னால் பத்துப் பண்டில் கிடந்தால் கை பதறும், வேலை ஏறாது.

ஆல்ட்ரேஷனை அன்றே, அந்த மணியிலேயே

காலை பத்து மணிக்குச் செய்த தப்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு முப்பது பீஸாகத் திரும்பி வந்தால் யாருக்கும் தலை சுற்றும். அதைத் தடுக்க லைனுக்குள்ளேயே சுற்றிப் பார்க்கிற செக்கிங் வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் காலை இருமுறை, மதியம் இருமுறை, முறைக்கு ஏழு பீஸ். ஏழும் சரி என்றால் நகர்ந்துவிடலாம். ஒன்று தப்பு என்றால் இன்னும் ஏழு பாருங்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் மெஷினை நிறுத்துங்கள்.

நிறுத்திய பிறகு பார்க்கும் வரிசை முக்கியம்: முதலில் ஊசி, பிறகு நூல் டென்ஷன் (நூலின் இறுக்கம்), பிறகு ஃபீட் (துணியை நகர்த்தும் பற்கள்), கடைசியில்தான் ஆள். பின்னல் துணிக்கு முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிதான் போட வேண்டும். முனை மழுங்கினாலோ துணிக்குத் தடிமனான ஊசி போட்டாலோ சிங்கிள் ஜெர்ஸி என்ற மெல்லிய பின்னல் துணியில் நீடில் கட் (ஊசி இழையை அறுப்பது) விழும், துவைத்த பிறகு அது ஓட்டையாக விரியும். ஸ்டிச் விடுகிறது என்றால் ஊசி வளைந்திருக்கலாம், அடியில் நூலைப் பின்னும் லூப்பரின் செட்டிங் நகர்ந்திருக்கலாம். பாட்டம் ஹெம் அலையலையாக வந்தால் டிஃபரன்ஷியல் ஃபீட் (முன் பற்களுக்கும் பின் பற்களுக்கும் உள்ள வேக வித்தியாசம்) சரியில்லை, அல்லது கை துணியை இழுக்கிறது. ஊசி மாற்ற ஐந்து நிமிடம். ஊசி மாற்றாமல் ஆளைத் திட்டினால் ஊசியும் சரியாகாது, ஆளும் சரியாக மாட்டார்.

தப்பைச் சொல்லும்போது பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லுங்கள். பீஸைத் தூக்கி எறிவது, லைன் முழுக்கத் தெரியும்படி ஆட்டிக் காட்டுவது, "உன்னால பன்னெண்டு பேருக்கும் நஷ்டம்" என்பது, மூன்றும் வேண்டாம். அடுத்த தப்பை மறைத்துப் பண்டிலுக்கு அடியில் செருகிவிடுவார்கள். அது பேக்கிங்கில் வெளிவரும், அப்போது திட்டு வாங்குவது நீங்கள்.

ஒன்றரை ஷிப்டை எப்போது சொல்வது

ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிப்டைத் தவிர்க்க முடியாமல் போகலாம். எப்போது சொல்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. முந்தின நாளே சொல்வது நல்லது. முடியாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் சொல்ல வேண்டும், கடைசி பஸ் போய்விட்டால் வேறு வழி பார்க்க வேண்டும், வீட்டில் மாமியாருக்குப் போன் போட வேண்டும். ஆறு மணிக்குச் சொன்னால் இந்த மூன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்க, அவர் ஊசிக்குக் கீழே விரலை வைத்துத் தைப்பார்.

யார் யார் எத்தனை நாள் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மறுக்கத் தெரியாத அதே நான்கு பேரையே எப்போதும் நிறுத்துவது எல்லா லைனிலும் நடக்கிற அநியாயம். பெண்கள் நின்றால் வண்டி ஏற்பாடு முடிந்த பிறகு கேளுங்கள், கேட்ட பிறகு வண்டி தேடாதீர்கள்.

கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. ஷிப்ட் கணக்கில் கூலி போடும்போது அது காணாமல் போவதும் உண்டு. கூலியை முடிவு செய்பவர் நீங்கள் இல்லை. ஆனால் நின்ற நேரம் தாளில் ஏறியதா என்று பார்ப்பது உங்கள் வேலை. சனிக்கிழமை சம்பளத்தில் அரை ஷிப்ட் விடுபட்டால் அந்தக் கோபம் திங்கள்கிழமை லைனில் தெரியும்.

தண்ணீர், கழிப்பறை, வெக்கை

பாத்ரூம் போக டோக்கன் வைக்கிற வழக்கம் உங்கள் கம்பெனியில் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், போராடத் தகுதியான விஷயம் அது. டோக்கனுக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று, தலைவலி, லீவு என்று அது போய் முடியும். எழுந்து போனவரின் மெஷினைப் பார்க்கப் பல வேலை தெரிந்த ஒரு ஆளை லைனில் வைத்திருந்தால் டோக்கனே தேவையில்லை.

மார்ச்சிலிருந்து மே வரை ஷீட் கூரைக்குக் கீழே மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தாங்க முடியாது. தண்ணீர்க் கேனை லைன் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அயர்னிங் மேஜையின் ஆவி தையல் பக்கம் வராமல் ஃபேனைத் திருப்பி வையுங்கள். கறுப்பு, கருநீலத் துணி ஓடும் நாளில் மெஷின் லைட் எரிகிறதா என்று காலையிலேயே பாருங்கள். கறுப்பில் கறுப்பு நூலைப் பார்த்துத் தைத்துக் கண் எரிந்தால் எரிச்சலும் வரத்தான் செய்யும்.

இந்தி பேசும் தொழிலாளர்கள்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் இல்லாத லைன் இப்போது குறைவு. அவர்களிடம் எல்லாச் செய்தியும் அவர்களை அழைத்துவந்த கான்ட்ராக்டர் வழியாகவே போனால், நீங்கள் சொன்னது ஒன்றாகவும் அவர்கள் கேட்டது வேறாகவும் இருக்கும். முப்பது இந்தி வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். எண்கள், நிறுத்து, மெதுவாக, சரியாக இருக்கிறது, உடம்புக்கு என்ன என்பதற்கானவை போதும். தப்பான பீஸையும் சரியான பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மொழி தேவையே இல்லை. தமிழ் டெய்லரை "அக்கா", "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டு இவர்களை "டேய்" என்றோ "ஏ பையா" என்றோ கூப்பிடுவது ஒரு நாளில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும் லீவில்தான் பெரிய சண்டை வரும். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் பீகார் பக்கத்துப் பெரிய பண்டிகையான சத் பூஜை. ரயில் டிக்கெட் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும். எனவே யார் யார் போகிறார்கள் என்ற பட்டியலை அதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிக்கொண்டு, யாருக்கு எப்போது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு லீவை ரத்து செய்தால் ஆள் போய்விடுவார், திரும்பியும் வர மாட்டார். பொங்கலுக்கு உள்ளூர்க்காரர்களுக்கும் இதே முறைதான்.

ஒருவர் உடைந்து போயிருக்கிறார் என்று தெரிந்தால்

வழக்கமாகப் பேசுகிறவர் நான்கு நாளாகப் பேசவில்லை, நல்ல கை திடீரென்று ஆல்ட்ரேஷன் போடுகிறது, திங்கள்கிழமைதோறும் வரவில்லை, சாப்பாட்டைத் திறந்து மூடி வைக்கிறார். டீ நேரத்தில் தனியாக, கதவு திறந்திருக்கும் இடத்தில், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "நாலு நாளா நீங்க சரியா இல்லைன்னு தோணுது, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்", "எனக்கு இல்லாத கஷ்டமா" என்ற இரண்டும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் எளிதான ஆபரேஷனுக்கு மாற்ற முடியுமா, அரை நாள் விட முடியுமா என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு வழி சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைப் பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டினால் யார் பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கேட்டதை லைனில் யாரிடமும் சொல்லக் கூடாது.

பாலியல் தொந்தரவு என்றால் விதி வேறு. நீங்கள் நடுவில் உட்கார்ந்து சமாதானம் பேசக் கூடாது. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத உதவி வேண்டுமென்றால் குழுவே உதவ வேண்டும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பேசுவது

புரொடக்‌ஷன் மேனேஜர் உங்கள் மேல் கத்துவார், நீங்கள் அதை அப்படியே கீழே இறக்குவீர்கள். இதுதான் கம்பெனிகளில் டென்ஷன் பயணிக்கிற பாதை. அதை அறுக்க நோட்டுதான் ஆயுதம். "ஆளுங்க பாவம் சார்" என்று சொன்னால் எடுபடாது. "நெக்ல மணிக்கு 55தான் வரும் சார், இன்னொரு ஓவர்லாக் ஒரு மணி நாற்பது நிமிஷம் கொடுத்தா 528 வரும், இல்லைன்னா 440" என்று காகிதத்தைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். கட்டிங் தாமதம், ட்ரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை) வராதது போன்றவற்றை நேரத்தோடு எழுதி வையுங்கள். அவர் கத்திய பிறகு நேராக லைனுக்குள் போகாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் நாளைய டார்கெட்டையும் இன்றைய தப்புப் பீஸ் போட்டோவையும் போடுகிற பழக்கம் பரவி வருகிறது. வேண்டாம். காலை எட்டரைக்கு மெஷின் போடும் முன் ஐந்து நிமிடம் நின்று பேசினால் போதும். இன்று என்ன ஸ்டைல், எவ்வளவு, எந்த மெஷின் ரிப்பேர், ஒன்றரை ஷிப்ட் உண்டா இல்லையா. நான்கே விஷயம். அறிவுரை சேர்க்காதீர்கள்.

நான்கு வாரம் கழித்து மூன்று எண்ணைப் பாருங்கள்: திங்கள்கிழமை வராதவர்கள், நூறு பீஸுக்கு ஆல்ட்ரேஷன், மாதத்தில் வேலையை விட்டுப் போனவர்கள். பீஸ் எண்ணிக்கை உடனே ஏறாமல் இருக்கலாம், இவை மூன்றும் முதலில் இறங்கும். எண்ணில் ஏறாத ஒரு அடையாளமும் உண்டு. நீடில் கட் விழுந்த பீஸை யாராவது தானாகவே எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இதைப் பாருங்க" என்று காட்டுவார்கள். அன்றைக்கு ஷிப்மென்ட் நெருக்கடியாகவும் இருக்கும். அந்தப் பீஸை வாங்கிக்கொண்டு, முதலில் ஊசியை மாற்றிக் கொடுங்கள்.